வழக்கமானது

முதலில் கண்டுபிடித்தது முத்திரைதான்.
பெல்முல்லெட் என்ற ஊர்ப்பெயர்
உறையில் இரண்டு முறை விழுந்திருந்தது,
குடித்துவிட்டு வீடு திரும்பும் அண்ணன் தம்பி போல
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து.
பழியை மையின்மேல் போட்டேன்.

டாக்டர் மூக்கைத் தொடச் சொன்னார்,
பிறகு தன் விரலை, மறுபடி மூக்கை.
காகிதத்தில் ஒரு சுருள் வரையச் சொன்னார்.
வரைந்தேன்.
பூனை இழுத்துப்போட்ட கம்பளி நூல்.
நரம்பு நிபுணர் பார்க்கணும் என்றார்.
நிபுணர் கால்வேயில்.
கால்வேக்கு என்ன, மூன்று மணி நேரத்தில் போய்விடலாம்;
அவருடைய நாள்காட்டிக்குத்தான் பஸ் இல்லை.

கடிதத்தின் மூலையில் அவர் குறித்தாக வேண்டும்:
அவசரமா, வழக்கமானதா.
என்னுடையது வழக்கமானது.
அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்று
அவரிடமே சொன்னேன்.
வீட்டில் கெட்டிலை நிரப்பும்போது
இருந்தது.

இருபத்தாறு வருஷமாக இந்த ஊரின் தபாலை
நான்தான் வகைபிரிக்கிறேன்.
மருத்துவமனை உறையைத் தொட்டாலே தெரியும்:
ஜன்னல் வைத்தது, உள்ளே ஒற்றைத் தாள்.
ஃபின்டன் லவெலுக்கு மூன்று வருஷமாக முழங்கால்.
அவர் சொல்லவில்லை;
வாசலின் இரண்டு படியையும் நண்டு மாதிரிப்
பக்கவாட்டில் ஏறுகிறார்.
கான்செப்டா ரடிக்குக் கண்.
கையெழுத்திடும்போது மூக்கு படிவத்தில் இடிக்கிறது.
மாலக்கி பாரெட்டுக்கு இதயம்.
அவனைப் புதைத்த பதினோராம் நாள்
அவனுக்குத் தேதி வந்தது.
மனைவி கவுன்ட்டரிலேயே பிரித்து உரக்க வாசித்தாள்:
செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால்,
தயவுசெய்து தாமதிக்காதீர்கள்.
தாமதித்ததே இல்லை அவன், என்றாள்.
சிரித்தாள்.
பின்னால் நின்ற வரிசையும் சிரித்தது.
பிறகு எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

பதினான்கு மாதம் கழித்து, நவம்பரில்,
மழை கிடையாகப் பெய்த ஒரு காலை
கட்டின் நடுவில் அட்ராக்டா கின்டி என்று ஓர் உறை.
எந்தத் தெரு இவள் என்று
ஒரு கணம் யோசித்தேன்.

அது தேதி இல்லை.
கேள்வி.
நீங்கள் இன்னும் காத்திருப்போர் பட்டியலில்
தொடர விரும்புகிறீர்களா?
ஆம். இல்லை.
பட்டாணி அளவில் இரண்டு கட்டங்கள்.
இருபத்தெட்டு நாளில் பதில் வராவிட்டால்
விருப்பமில்லை எனக் கொள்ளப்படும்.

என் விருப்பத்தை யாராவது விசாரித்து
எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

சங்கிலியில் தொங்கும் பேனாவை எடுத்தேன்.
மூச்சை அடக்கி, முழங்கையை மேஜையில் ஊன்றி,
'ஆம்' கட்டத்தில் கோட்டைத் தொடங்கினேன்.
அதன் வால்
'இல்லை'க்குள் போய் நின்றது.

இந்த ஒரு கோட்டை அந்த நிபுணர் பார்த்தால் போதும்,
நான் பஸ் ஏறவே வேண்டாம்.
பார்க்கப்போவது யாரோ, எந்த ஊர் யந்திரமோ.

அப்போது நண்டுநடையில் ஃபின்டன் உள்ளே வந்தார்,
கோட்டுக்குள்ளிருந்து அதே உறையை எடுத்தபடி.
உனக்குமா, என்றார்.
முதல்முறையாக நாங்கள் அதைப் பேசினோம்;
அதாவது, நான் தாளை அவர் பக்கம் திருப்பினேன்.
அவர் எதற்கு என்று கேட்கவில்லை.
நாற்பது வருஷம் கரிமண் வெட்டிய கை.
என் கோட்டை அடித்துவிட்டு, ஓரத்தில்
ஆம் என்று எழுதினார்,
அதன்கீழ் இன்னொரு ஆம்,
காது கேளாதவரிடம் சொல்வதுபோல.

பதிவுத் தபாலில் போடு, என்றார்,
வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள்.
இரண்டுக்கும் காசு அவர் வைத்தார்.
நான் என் பங்கைத் திருப்பித் தர,
அவர் மறுக்க,
பின்னால் கான்செப்டா தொண்டையைச் செருமினாள்.

முத்திரையை இடது கையில் எடுத்தேன்.
ஊர்ப்பெயர் ஒரே ஒரு முறை,
தெளிவாக,
தலைகீழாக விழுந்தது.